போஸ்டருக்குக் கிடைக்கிற காசு ரோட்டுக்கு ஏன் கிடைக்கல்ல?

இலங்கைச் சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும் மூன்று படம் கட்டாயம் இருக்கும். ஒன்று சிகிரியா. இன்னொன்று யானை. மூன்றாவது, முதுகில் கூடையோடு பச்சைச் சரிவில் நின்று சிரிக்கிற ஒரு பெண். சிகிரியாவுக்குக் கீழ மன்னன் பெயர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும். பெரஹெர யானை என்றால் அதுக்கும் சில நேரம் பெயர் போடுவாங்க. இந்தப் பெண்ணுக்குக் கீழ எதுவும் இருக்காது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், அன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தாங்க, பேர் முழுசா விழுந்ததா அல்லது அரைப் பேர்தானா என்று யாரும் கேட்கமாட்டாங்க.

படத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. ஆனால் அந்தப் படத்தை லண்டனுக்கும் பெர்லினுக்கும் சென்னைக்கும் கொண்டுபோக யாருடைய காசு செலவாகிறது என்று நம் பக்கத்தில் யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அதைத்தான் இங்கே எழுத வந்தோம்.

2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்க சுற்றுலாத்துறைச் சட்டத்தின் கீழ் ஒரு நிதியம் இருக்கிறது. பதிவுசெய்த ஹோட்டல்களும் மற்றச் சுற்றுலா நிறுவனங்களும் தங்கள் வருமானத்தில் 1 சதவீதத்தை அதற்குச் செலுத்த வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி என்னவென்றால், கட்டுநாயக்கவில் விமானம் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அறவிடப்படுகிற வரியில் மூன்றில் ஒரு பங்கும் அதே நிதியத்துக்குத்தான் போகிறது. அந்த வரி டிக்கெட் விலைக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் கட்டுகிறவருக்கே தெரியாது. கட்டுகிறவர் வெள்ளைக்காரர் மட்டுமில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து லயங்களில் இருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் சித்திமாரும் அக்காமாரும் அதே கவுண்டரில்தான் நிற்கிறாங்க.

சேருகிற காசு எப்படிப் பிரிகிறது? 70 சதவீதம் சுற்றுலா ஊக்குவிப்புப் பணியகத்துக்கு. அதாவது விளம்பரத்துக்கு, வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு, ரோட்ஷோக்களுக்கு. மாநாடுகளையும் பெரிய நிகழ்ச்சிகளையும் நாட்டுக்கு இழுத்துவரும் பணியகத்துக்கு இன்னும் ஒரு 4. பிள்ளைகளுக்கு ஹோட்டல் வேலை படிப்பிக்கிற நிறுவகத்துக்கு 12. மிச்சம் 14, அபிவிருத்தி அதிகார சபைக்கு. இந்தப் பிரிப்பை ஒரு தடவை திரும்ப வாசிங்க. வீட்டைக் கழுவ 14 ரூபாய், வீட்டுப் பிள்ளை படிக்க 12 ரூபாய், வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று கூப்பிட 74 ரூபாய்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: அது சுற்றுலாவுக்கென்று வந்த காசு, அதை சுற்றுலாவுக்குத்தானே செலவழிக்க முடியும், தோட்டத்து ரோட்டுக்கு வேறு காசு இருக்கிறதே. சரி, அந்த வேறு காசின் கதையைப் பார்ப்போம்.

எல்லாக் கிராமத்துக்கும் உள்பாதை, வடிகால், தெருவிளக்கு, குப்பை அள்ளுவது எல்லாம் பிரதேச சபையின் வேலை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் "தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது" என்று முப்பது வருசமாகச் சொன்னாங்க. தோட்டம் கம்பனியின் பொறுப்பாம். காணி அரசுடையது, 1992 க்குப் பிறகு குத்தகை கம்பனியுடையது, வாக்கு மட்டும் எங்களுடையது. எங்கள் தாத்தாமார் ஹாலி-எலவிலும் ஹல்துமுல்லையிலும் சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தாங்க, ஆனால் அந்த உறுப்பினரால் லயத்துக்குப் போகிற பாதையில் ஒரு லோட் கல் கொட்ட முடியவில்லை. 2018 இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க.

2018 என்பதைக் கவனிச்சு வைங்க. அதே வருசம் நவம்பரில்தான் லண்டன் சுற்றுலாச் சந்தையில் "சோ ஸ்ரீலங்கா" என்ற புதுப் பிராண்டை அறிமுகம் செய்தாங்க. அதுக்கு முதல் "வண்டர் ஒஃப் ஏசியா". 2011 ஐ "இலங்கைக்கு வாருங்கள்" ஆண்டாகக் கொண்டாடினாங்க. இத்தனை வருசமும் தேயிலை மலை அந்த விளம்பரங்களுக்குள் தாராளமாக வந்து போனது. பொதுக் காசுக்குத் தோட்டத்தின் கேற் மூடியிருந்த முப்பது வருசத்திலும் பொதுக் காசில் வந்த கெமராவுக்கு மட்டும் அந்தக் கேற் திறந்தே இருந்தது. கெமராவோடு வந்தவரிடம் எந்தத் துரையும் 33 ஆம் பிரிவைக் காட்டவில்லை.

திருத்தம் வந்ததும் பாதை வந்துவிட்டதா என்றால், இல்லை. சபைகளின் கையில் காசு இல்லை. நமுனுகுலைப் பக்கமோ பூனாகலைப் பக்கமோ மழைக்காலத்தில் போய்ப் பாருங்க. கொழுந்து லொறியே ஏறத் தயங்குகிற பாதையில்தான் வலி வந்த பிள்ளைத்தாச்சியை இறக்குகிறாங்க.

இப்ப அடுத்த வாதம். "சுற்றுலா வந்தா உங்க பொடியங்களுக்குத்தானே வேலை?" இதை நாங்கள் லேசாகத் தள்ளிவிடப் போவதில்லை, ஏனென்றால் இதில் உண்மை இருக்கு. எங்களில் மூன்று பேர் லீவு காலத்தில் எல்லவில் வேலை செய்தவர்கள். முன்பு பத்தாம் வகுப்போடு நின்றவன் கொழும்பில் ஏதாவது கடைக்குத்தான் போகணும். இப்ப தெமோதரைப் பொடியனுக்கு பத்து நிமிசத் தூரத்தில் ஒரு வேலை இருக்கு. ஓட்டோ வைத்திருக்கிற மாமாவுக்கு ஓட்டம் இருக்கு. தோட்டத்தில் அவருக்குக் கிடைக்காத மரியாதையை "ஃப்ரெண்ட்" என்று கூப்பிடுகிற ஒரு ஜேர்மன்காரர் கொடுக்கிறார். இதையெல்லாம் "முதலாளித்துவச் சுரண்டல்" என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகிற எங்கள் சில அண்ணன்மாரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அவர்கள் விடுமுறைக்கு எங்கே போய் போட்டோ போட்டாங்க என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் எல்ல எப்படி எல்ல ஆனது? அரசாங்கத்தின் போஸ்டரைப் பார்த்தா சனம் வந்தது? பத்துப் பதினைந்து வருசத்துக்கு முன்னால் முதுகுப்பையோடு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொன்னாங்க, வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதின, பிறகு இன்ஸ்டகிராம் வந்தது. 1921 இல் கட்டின ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நீல ரயில் போகிற படத்தை உலகம் முழுக்க இலவசமாகப் பரப்பியவர்கள் வந்துபோனவர்களேதான். பணியகம் பின்னால்தான் வந்தது, அந்தப் படத்தையே திரும்ப எடுத்து. இன்றைக்கு எல்லவுக்கு ஆள் கூப்பிடக் காசு செலவழிப்பது கதிர்காமத்துக்குக் காவடி கூப்பிடுவது மாதிரி. 2025 தொடக்கத்தில் எல்ல ரயிலின் முற்பதிவு டிக்கெட்டுகள் 42 விநாடியில் தீர்ந்துபோகிற விவகாரத்தைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிக்கிற அளவுக்குப் போனது. வாங்கிக் குவித்து வெளிநாட்டவருக்குப் பல மடங்கு விலையில் விற்கிற கூட்டம். 1924 இல் பதுளை வரைக்கும் வந்து சேர்ந்த பாதை அது. அந்தப் பாதைக்கும் சுரங்கங்களுக்கும் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் பொடி மெனிக்கேயில் மூன்றாம் வகுப்பில், கதவோரம் தொங்கிப் போட்டோ எடுக்கிறவர்களுக்கு இடம் விட்டு, கழிவறைப் பக்கம் நின்றுகொண்டு பேராதனைக்கு வருகிறோம்.

இங்கதான் எங்கள் முக்கியமான கேள்வி. விளம்பரத்தை யாரும் செய்யலாம். ஹோட்டல்காரன் செய்வான், புக்கிங் செயலி செய்யும், வந்துபோனவன் செய்வான், செய்துகொண்டுதான் இருக்கிறாங்க. ஆனால் லயத்துப் பாதையை, மண்சரிவு எச்சரிக்கையை, லிப்டன் சீட்டுக்கு ஏறுகிற வழியில் ஒரு பொதுக் கழிவறையை, தமிழில் ஒரு அறிவிப்புப் பலகையை லாபத்துக்காக யாரும் செய்யமாட்டான். பொதுக் காசு மட்டும்தான் செய்யும். அப்படியிருக்க, மற்றவன் சும்மா செய்கிற வேலைக்குப் பொதுக் காசையும், வேறு யாருமே செய்யாத வேலைக்கு "நிதி இல்லை"யையும் ஒதுக்குவது என்ன கணக்கு?

இன்னொரு பக்கமும் இருக்கு. விளம்பரம் ஊரைக் காட்டுவதோடு நிற்பதில்லை. ஊருக்கு ஒரு கதையையும் எழுதிவிடுகிறது.

2024 நவம்பரில் அரசுக்குச் சொந்தமான ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஒரு பாட்டி பேரனுக்கு ராமாயணம் சொல்கிறாங்க, இடையிடையே இலங்கையின் இடங்கள் வருது. எல்லவின் ராவணன் குகையும் அதில் உண்டு. இந்தியாவில் பயங்கரமாகப் பரவியது. நல்லா எடுத்திருந்தாங்க, அதை ஒத்துக்கொள்ளணும். இந்தியப் பயணிகளுக்கான "ராமாயணப் பாதை" என்பது பதினைந்து வருசத்துக்கு மேலாக விற்கப்படுகிற பொருள். பதுளை மாவட்டத்தில் மட்டும் ராவண எல்ல அருவி, குகை, சீதை தீக்குளித்ததாகச் சொல்லப்படுகிற வெலிமடையின் திவுரும்பொல என்று வரிசையாக உண்டு. புஷ்பக விமானம் இறங்கின இடத்தைக்கூடக் காட்டுவாங்க.

பக்தியோடு வருகிறவர்களைக் கிண்டல் செய்வது எங்கள் நோக்கமில்லை. ஆனால் இந்தியாவில் இருந்து இந்த மலைக்கு வந்த ஒரு உண்மையான பாதையும் இருக்கே! தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து, வழியில் கொலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டு வந்த பாதை. அது எந்த விளம்பரத்திலும் இல்லை. 2023 இல், இருநூறு வருசம் ஆனபோது, ஜூலை 28 இல் இருந்து ஓகஸ்ட் 12 வரைக்கும் சனம் தாங்களாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தாங்க. மலையகச் சனத்தோடு வடக்கிலும் கிழக்கிலும் இருந்து, சிங்களக் கிராமங்களில் இருந்தும் ஆட்கள் சேர்ந்தாங்க. உள்ளூர் நிகழ்வு என்றால் எங்களுக்கு அதுதான் நினைவுக்கு வருது. அந்த நடையில் சொன்ன கோரிக்கைகள் காணி, வீடு, சம்பளம், மொழி பற்றியவை. எந்தச் சுற்றுலாக் கையேடும் அவற்றை அச்சடிக்காது.

திருவிழா விசயத்துக்கு வருவோம், ஏனென்றால் அடுத்த கண் அதன் மேலதான். 2024 ஜனவரியில் திருகோணமலையில் நடந்த பொங்கல் நினைவிருக்கும்: 1,008 பானைகள், 1,500 பரதநாட்டியக் கலைஞர்கள், சம்பூரில் ஜல்லிக்கட்டு. அதை நடத்திய அப்போதைய கிழக்கு ஆளுநர் செந்தில் தொண்டமான் எங்கள் ஊவா மாகாண சபையில் அமைச்சராக இருந்தவர்தான். வெளிநாட்டவரை இழுக்கும் என்று அன்றைக்குப் பேசினாங்க. ட்ரோன் படங்கள் பிரமாதம். பானைகளை எண்ணினாங்க, ஆடினவர்களை எண்ணினாங்க, காளைகளையும் எண்ணினாங்க. இந்த எண்ணிக்கையில்தான் எங்களுக்குச் சந்தேகம். பொங்கலில் எண்ண வேண்டியது பானையா? வீட்டு வாசலில் நாலு வீட்டார் சேர்ந்து பொங்குகிற ஒரு விசயத்தை மேலிருந்து பார்க்கிறவனுக்காக மைதானத்தில் அடுக்கினால் அது யாருடைய திருவிழா?

அதே கண்ணால் நாளைக்குக் காமன் கூத்தைப் பார்ப்பாங்க. பார்க்க ஆரம்பிச்சாச்சு என்றும் சொல்லலாம், கலாசார மேடைகளில் அதன் அரை மணி நேர வடிவம் வந்து நாளாகிவிட்டது. கூத்தைத் தெரிந்தவங்களுக்கு அதில் என்ன காணாமல் போகிறது என்று தெரியும். மாசி வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றுவாங்க. அதிலிருந்து பௌர்ணமி வரை இரவிரவாகத் தப்பு அடிக்கும். ரதி மதன் வேசம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பாங்க. காலையில் பிரட்டுக்குப் போகணும், பகலெல்லாம் மலையில் நிற்கணும், இரவில் ஆடணும். மதன் எரிந்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கிறபோது பார்த்திருக்கிற கிழவிகள் உண்மையாகவே அழுவாங்க, ஏனென்றால் அந்த ஒப்பாரிக்குள் அவர்களின் சொந்தச் சாவுகளும் இருக்கு. இதற்கான செலவு எங்கிருந்து வருது? லயத்துக்கு லயம் சேர்க்கிற சந்தா. பல தோட்டங்களில் கோயில் பணம் சம்பளத்திலேயே பிடிபடும். அந்தச் சம்பளம் 2024 செப்டம்பர் வர்த்தமானிக்குப் பிறகு நாளுக்கு 1,350 ரூபாய் ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வேலைக்குப் போன நாளுக்கு அரசாங்கம் 200 சேர்க்கும் என்று அறிவித்தாங்க.

ஆக, எங்கள் திருவிழாவுக்கு ஏற்கனவே பொது நிதி இருக்கு. அது எங்கள் சம்பளத்தில் இருந்து போகிற நிதி. கலைஞர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்க விரும்பினால் நாங்கள் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. தப்புக்குத் தோல் வாங்கிக் கொடுக்கட்டும், கூத்து ஆசானுக்கு மாதக் கொடுப்பனவு கொடுக்கட்டும், கூத்து நடக்கிற நாளில் சம்பளத்தோடு லீவு கொடுக்கச் சொல்லிக் கம்பனிகளிடம் பேசட்டும். நாங்கள் எதிர்ப்பது வேறொன்றை. கூத்து நடக்கிற ஊருக்கு ஒரு சதமும் கொடுக்காமல், கூத்து நடக்குது என்று வெளியூரானுக்குச் சொல்வதற்கு மட்டும் காசு கொடுப்பதை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விசயமில்லை. எங்களைப் போலவே தமிழ் பேசுகிற தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற மூணாறைப் பாருங்க. விளம்பரத்தில் கேரளாவை விடக் கெட்டிக்காரர்கள் ஆசியாவிலேயே குறைவு. கடவுளின் சொந்த நாடு என்ற அவர்களின் வாசகத்துக்கு வயது முப்பதுக்கு மேல். அந்த விளம்பரங்களில் மூணாறு பச்சைக் கம்பளம். 2015 செப்டம்பரில் அந்தக் கம்பளத்துக்குள் இருந்த பெண்கள் வீதிக்கு வந்து உட்கார்ந்தாங்க. பெம்பிளை ஒருமை. 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடாமல், சுற்றுலாப் பயணிகள் வந்துபோகிற பாதையை ஒன்பது நாள் மறித்தாங்க, ஜெயிச்சாங்க. அன்றைக்கு அவர்களின் நாட் கூலி 232 இந்திய ரூபாய். போஸ்டரில் இருந்தவர்களுக்குப் பெயரும் குரலும் இருப்பது அந்த வருசம்தான் பலருக்குத் தெரிய வந்தது.

பிறகு நடந்ததுதான் நெஞ்சை அடைக்கிறது. 2018 இல் பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை பூக்கிற நீலக்குறிஞ்சியைப் பார்க்க ராஜமலைக்கு வாருங்கள் என்று கேரளச் சுற்றுலாத்துறை உலகத்தையே அழைத்தது. 2020 ஓகஸ்ட் 6 இரவு, அதே ராஜமலைப் பக்கத்தில் பெட்டிமுடித் தோட்டத்து லயங்கள் மேல் மலை இறங்கியது. 70 பேர். பூ எந்த மாதம் எந்தச் சரிவில் பூக்கும் என்று துல்லியமாகச் சொல்ல முடிந்த ஒரு மாநிலத்தில், மண் எந்தச் சரிவில் இறங்கும் என்று அந்த லயத்துக்கு முன்கூட்டியே சொல்ல ஆளில்லை.

பெட்டிமுடியைக் கேள்விப்பட்டபோது எங்களுக்கு மீரியபெத்தை ஞாபகம் வராமல் இருக்குமா? 2014 ஒக்டோபர் 29, காலை. பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பினாங்க, திரும்பி வந்தபோது லயம் இருந்த இடமே இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, சனத்தை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. சொன்ன செய்தி சனத்தை அகற்றுகிற வேலையாக மாறவே இல்லை. மீண்டவர்கள் கிட்டத்தட்ட இரண்டு வருசம் மாக்கல்தெனியவில் கைவிடப்பட்ட பழைய தேயிலை ஸ்டோருக்குள் கிடந்தாங்க, 2016 இல்தான் வீடு கிடைத்தது.

கொஸ்லந்தை எங்கே இருக்கு என்று வரைபடத்தில் பாருங்க. 220 மீட்டர் தியலும அருவிக்குப் பக்கத்தில். சுற்றுலாப் பக்கங்களில் பத்துப் பதினைந்து படத்தோடு வருகிற அருவி. அந்த அருவியின் மேல் குளத்தில் எந்த மாதம் குளிக்கலாம், எந்த மாதம் வழுக்கும் என்று ஒரு பிரெஞ்சுக்காரருக்குத் தெரியும். சில கிலோமீட்டர் தள்ளி இருந்த லயத்துச் சனத்திடம் அவர்களின் மலை பற்றி வந்த கடிதம் போய்ச் சேரவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தபோது அதிகம் பேரை இழந்த மாவட்டங்களில் ஒன்று பதுளை. ரயில் பாதை பல இடத்தில் உடைந்து தொங்கிய படத்தைப் பார்த்துவிட்டு "ஐயோ, எல்லவுக்கு எப்ப ட்ரெயின் விடுவாங்க" என்று கேட்ட பதிவுகளையும் நாங்கள் பார்த்தோம். கேட்டவர்களில் பேராதனைக்காரர்களும் உண்டு, யாழ்ப்பாணத்துக்காரர்களும் உண்டு, அதனால் வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்ல மாட்டோம்.

அப்ப நாங்கள் கேட்பது சுற்றுலாவை நிறுத்தச் சொல்லியா? இல்லை. காசின் வரிசையை மாற்றச் சொல்லி.

இதற்கு முன்மாதிரி தேடி ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. அதே கேரளாவில் குமரகத்தில் 2008 அளவில் ஒரு வேலை தொடங்கினாங்க: ஹோட்டல்கள் காய்கறி, பால், மீனை ஊர்ப் பெண்களின் குடும்பஸ்ரீ குழுக்களிடம் வாங்குவது, பஞ்சாயத்தை உட்கார வைத்து விலை பேசுவது. குறை இல்லாத திட்டம் என்று சொல்லவில்லை, ஆனால் "வருகிறவன் எவ்வளவு" என்பதோடு "ஊரில் தங்குவது எவ்வளவு" என்றும் கணக்குப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். 2024 இல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கியது சென்னை உயர் நீதிமன்றம். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்ட எங்கள் சொந்தக்காரர்கள் கொழுந்து பறிக்கிற அதே நீலகிரி. ஆம்ஸ்டர்டாம் 2023 இல் இன்னும் ஒரு படி மேலே போனது: குடித்துக் கூத்தடிக்க வருகிற பிரித்தானிய இளைஞர்களைப் பார்த்து "வராதீங்க" என்று சொல்லவே விளம்பரக் காசைச் செலவழித்தது. எல்லவின் சனி இரவுகளைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியாது.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். நிதியத்தின் 70 சதவீதத்தில் ஒரு பகுதி, படம் எடுக்கப்படுகிற இடத்தின் பிரதேச சபைக்குச் சட்டப்படி திரும்பணும். எல்ல, ஹல்துமுல்லை, அப்புத்தளை, பசறை, ஹாலி-எல. அந்தக் காசு தோட்டத்து உள்பாதைக்கும் மண்சரிவுக் கண்காணிப்புக்கும் என்று பெயர் எழுதியே வரணும், இல்லாவிட்டால் சபை மண்டபத்துக்குப் புதுக் கதிரை வாங்கிவிடுவாங்க. பண்டாரவளையில் இருக்கிற ஹோட்டல் பயிற்சிக் கிளையில் தமிழில் படிக்க எத்தனை இடம் என்று பகிரங்கமாகச் சொல்லணும். பதுளையில் இருக்கிற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவுக்கும் நிகழ்ச்சி முகாமைத்துவத்துக்கும் பட்டப்படிப்பே இருக்கு. அங்கே படிக்கிறவர்கள் லயத்துப் பக்கம் ஆய்வுக்கு வந்தால் நாங்களே கூட்டிப்போறோம். தோட்டத்துத் திருவிழா எதையும் நாட்காட்டியில் போடுவதற்கு முதல் அந்தக் கோயில் கமிட்டியிடம், முக்கியமாகப் பெண்களிடம், தமிழில் கேட்கணும். வேண்டாம் என்றால் போடக் கூடாது.

"உல்லாசப் பயணி வரல்லன்னா உங்க ஊருக்கு ரோட்டே வராது தம்பி, அவனைக் காட்டித்தான் நாங்க ரோடு கேட்கிறோம்" என்று ஒரு சபை உறுப்பினர் எங்களில் ஒருவரிடம் சொன்னார். நல்ல மனிதர். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கோபம் வருது. லிப்டன் சீட்டுக்குப் போகிற பாதை சீராவது அதன் முடிவில் ஒரு லிப்டன் சிலை உட்கார்ந்திருப்பதால். 1890 இல் அவர் வாங்கின தம்பேதன்னையில் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறவர்கள் அந்தப் பாதையில் நடப்பது தற்செயல். சிலை இல்லாத, அருவி இல்லாத, பாலம் இல்லாத டிவிசனில் பிறந்த பிள்ளை என்ன செய்யணும்? மலை அழகாக இருந்தால்தான் பாதை என்றால், அழகில்லாத மலைகளின் பெயரை யார் சொல்வது?

நாங்கள் இப்போது செய்யத் தொடங்கியிருப்பது ஒரு சின்ன வேலை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்வி அனுப்புகிறோம். கடந்த ஐந்து வருசத்தில் ஊவாவை விளம்பரப்படுத்த ஊக்குவிப்புப் பணியகம் செலவழித்தது எவ்வளவு? அதே காலத்தில் சுற்றுலா நிதியத்தில் இருந்து பதுளை மாவட்டத் தோட்டப் பகுதிக்குள் ஒரு ரூபாயாவது வந்ததா, எதற்கு? 2018 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு பிரதேச சபையும் தோட்டத்துக்குள் போட்ட பாதை எத்தனை மீட்டர்? விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம், 14 வேலை நாளுக்குள் ஏதாவது பதில் தந்தாகணும். மூன்றாவது கேள்வியைச் சபை சபையாகத்தான் அனுப்ப முடியும். பசறை, ஹாலி-எல, ஹல்துமுல்லைக்கு எழுதியாச்சு. லுணுகலை, ஊவா பரணகம, வெலிமடைப் பக்கத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால் உங்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதி அனுப்புங்க. லயத்தில் இருந்து தார் ரோட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் நடந்து பார்த்துச் சேர்த்து எழுதுங்க.